பைதன் மொடியூல்: பிப்பில் எடுப்பதா, சோர்ஸிலிருந்து கொம்பைல் பண்ணுவதா?

(கட்டளைகளை உச்சரிப்பில் தந்திருக்கிறோம், அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.)

பிப் என்பது பைதன் மொடியூல்களை இறக்கிப் போடும் கருவி. சோர்ஸ் என்பது மொடியூலின் மூலக் கோட், அதைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றுவதே கொம்பைல். உபுண்டு 24.04இல் 'பிப் இன்ஸ்டால்' கொடுத்ததும் 'எக்ஸ்டேர்னலி மெனேஜ்ட்' என்று பிழை வந்தால் பதற வேண்டாம். அந்தப் பைதன் உபுண்டுவின் சொந்த இன்ஸ்டால் கருவியான ஏப்டின் பொறுப்பில் இருக்கிறது, பிப் அதில் கை வைக்கக் கூடாது, அவ்வளவுதான். 'பிரேக் சிஸ்டம் பெக்கேஜஸ்' போட்டுத் தாண்டச் சொல்பவர்கள் உண்டு. கேட்காதீர்கள், சிஸ்டத்தின் சொந்த வேலைகளே அந்தப் பைதனை நம்பி ஓடுகின்றன. 'பைதன்3-வென்வ்' பெக்கேஜை ஏப்டில் போட்டு, 'பைதன்3 -எம் வென்வ் வேலை' என்று தனி இடம் ஒதுக்கி, 'சோர்ஸ் வேலை/பின்/எக்டிவேட்' கொடுத்துவிட்டுப் பிப்பை ஓட்டுங்கள்.

தோட்டப் பக்கம் சிக்னல் ஒரு கோடும் இரண்டு கோடுமாக ஆடும். பெரிய பைல் பாதியில் அறுந்தால் டேட்டாவும் வீண். ஹட்டனுக்கோ பண்டாரவளைக்கோ போகும் நாளில் கொமியூனிகேஷன் கடைக் கணினியிலிருந்து பென் ட்ரைவில் எடுத்து வருவதே மேல். அது விண்டோஸாக இருந்தாலும் பரவாயில்லை:

பிப் டவுன்லோட் -டி வீல்ஸ் --ஒன்லி-பைனரி=:ஓல்: --பிளாட்போர்ம் மெனிலினக்ஸ்2014_எக்ஸ்86_64 --பைதன்-வேர்ஷன் 3.12 நம்பை

'-டி' என்பது 'டவுன்லோட்' தொடங்கும் ஆங்கில எழுத்து. நம்பை கணக்கு வேலைக்கான மொடியூல், உதாரணத்துக்கு எடுத்தோம். வருவது 'வீல்', அதாவது முன்பே கொம்பைல் பண்ணி வைத்த பைல். பல லினக்ஸ்களில் ஓடும் வீல் என்பதைத்தான் 'மெனிலினக்ஸ்' என்ற பெயர் குறிக்கிறது. வந்த பைலின் பெயரைப் பாருங்கள். 'சிபி312' என்றிருந்தால் பைதன் 3.12க்கு மட்டும். வீட்டில் 3.10 இருந்தால், பைல் கண்ணெதிரே கிடந்தாலும் 'நோ மெச்சிங் டிஸ்ட்ரிபியூஷன்' என்றுதான் பிப் சொல்லும். ஆகவே கிளம்புமுன் 'பைதன்3 --வேர்ஷன்' பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டில் 'பிப் இன்ஸ்டால் --நோ-இன்டெக்ஸ் --பைண்ட்-லிங்ஸ் வீல்ஸ் நம்பை' போதும்.

வீல் இருந்தும் பிப் சோர்ஸ் அடங்கிய டார் பைலை இறக்கிக் கொம்பைல் பண்ணத் தொடங்குகிறதா? பிப் பழசாக இருக்கலாம். 20.3க்கு முந்திய பிப்புக்குப் புது மெனிலினக்ஸ் பெயர்கள் புரியாது. முதலில் பிப்பைப் புதுப்பியுங்கள்.

சோர்ஸ் பக்கம் போக நியாயமான காரணங்கள் சில: உங்கள் பிராசசருக்கோ பைதனுக்கோ வீல் இல்லை, கோடில் ஒரு திருத்தம் வேண்டும், இன்னும் வெளியாகாத வேர்ஷன் தேவை. வீரத்துக்காகப் போக வேண்டாம். போவதென்றால் 'பில்ட்-எசென்ஷியல்', 'பைதன்3-டெவ்' இரண்டும் முதலில் வேண்டும். இரண்டாவது இல்லாவிட்டால் 'பைதன்.எச்' இல்லை என்று நிற்கும். எக்ஸ்எம்எல் பைல்களைப் படிக்கும் எல்எக்ஸ்எம்எல் மொடியூல் என்றால் 'லிப்எக்ஸ்எம்எல்2-டெவ்', 'லிப்எக்ஸ்எஸ்எல்டி1-டெவ்' கூட. எந்த '.எச்' பைல் காணவில்லை என்கிறதோ, அதைத் தரும் '-டெவ்' பெக்கேஜைத் தேடுங்கள். நீண்ட பிழைச் செய்தியில் கடைசி வரியை விட, 'பேட்டல் எரர்' என்ற வரிதான் காரணத்தைச் சொல்லும்.

2 ஜிபி ரேம் உள்ள பழைய லெப்டொப்பில் பெரிய மொடியூல் 'கில்ட்' என்று நடுவில் செத்துப்போகலாம். அது கோடின் பிழையல்ல, மெமரி போதவில்லை. டிஸ்க்கின் ஒரு பகுதியை ரேம் போலப் பயன்படுத்தும் 4 ஜிபி சுவாப் பைல் போடுங்கள்: 'பெலோகேட் -எல் 4ஜி /சுவாப்பைல்', 'சிஎச்மொட் 600', 'எம்கேசுவாப்', 'சுவாப்ஒன்', நாலும் சூடோவோடு (நிர்வாகி உரிமையோடு), ஒவ்வொன்றுக்கும் அதே பைல் பெயரோடு.

பழைய பாடங்களில் வரும் 'செட்அப்.பிஒய் இன்ஸ்டால்' வேண்டாம். அது எங்கே எதைப் போட்டது என்பதைப் பிப்பால் சரியாகக் கண்டுபிடிக்க முடியாமல், நீக்கும்போது சிக்கும். பதிலாக, சோர்ஸ் போல்டருக்குள் 'பிப் வீல் .' கொடுங்கள். மணிக்கணக்கில் கொம்பைல் ஆனது ஒரு வீல் பைலாகக் கையில் இருக்கும். அதே உபுண்டு, அதே பைதன், அதே வகைப் பிராசசர் வைத்திருக்கும் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் பென் ட்ரைவில் கொடுத்துவிடலாம்.