ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கிம்ப்

ஆபீஸ் லினக்ஸ் மெஷினில், படங்களைத் திருத்தும் மென்பொருளான கிம்ப் ஏற்கெனவே திறந்திருந்தாலும், டெர்மினலில் 'கிம்ப் பூ.பிஎன்ஜி' என்று கொடுத்தால் புதிதாக இன்னொன்று கிளம்பும். நாலு படம் திறப்பதற்குள் மெமரி திணறிவிடும். உண்மையில், ஓடிக்கொண்டிருக்கும் கிம்புக்கு டி-பஸ் (புரோகிராம்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் ஏற்பாடு) வழியாக ஃபைலைத் தள்ளிவிட்டு அந்தக் கட்டளை உடனே முடிந்துவிட வேண்டும். (முன்பு இதற்கென்றே கிம்ப்-ரிமோட் என்று தனியாக ஒன்று இருந்தது.)

'கிம்ப்' என்று அடித்தால் உண்மையில் எது ஓடுகிறது என்று அறிய 'டைப் கிம்ப்' அடித்துப் பார்த்தேன். யாரோ புண்ணியவான் பேஷ்ஆர்சியில் (டெர்மினல் திறக்கும்போது படிக்கப்படும் செட்டிங்ஸ் ஃபைல்) 'கிம்ப்' என்பதற்கு 'கிம்ப் -என்' என்று ஏலியஸ் (மாற்றுப்பெயர்) போட்டு வைத்திருக்கிறார்! புது கிம்பைக் கிளப்புவதே அந்த -என் தான். வரியை நீக்கினேன், திறந்திருந்த டெர்மினலில் மட்டும் 'அன்ஏலியஸ் கிம்ப்' தனியாகக் கொடுக்க வேண்டியிருந்தது. இப்போது '*.பிஎன்ஜி' என்று கொடுத்தாலும் எல்லாம் ஒரே விண்டோவில் டேப் டேப்பாக வந்து உட்காருகின்றன. மூலப் படத்தைத் தொடாமல் வேலை செய்ய -ஏ சேர்த்துக்கொள்கிறேன்.