தமிழ்நாட்டில் கார் இன்ஷூரன்ஸ்: விலையைப் பார்க்கும் முன் ஒப்பிட வேண்டியவை

புதுப்பிக்கும் நாள் நெருங்கினால் போதும், நாலு பக்கமிருந்தும் விலை வந்து குவியும். ஷோரூம்காரர் ஒன்று சொல்வார், தெரிந்த ஏஜென்ட் அதைவிடக் குறைத்துச் சொல்வார், இணையத்தில் அதற்கும் கீழே ஒன்று இருக்கும். அந்த மூன்றும் ஒரே பாலிசிக்கான விலையாக இருப்பது அரிது. மூன்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்த பிறகுதான் எது மலிவு என்றே தெரியும். முதல்முறை தாங்களே புதுப்பிக்கிறவர்களுக்காக அதைப் படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: பழைய பாலிசியை எடுங்கள்

ஆர்.சி.யும் பழைய பாலிசியும் கையில் இருக்கட்டும். பாலிசியிலிருந்து மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: முடியும் தேதி, ஐ.டி.வி. (காருக்குப் பாலிசியில் போட்டிருக்கும் மதிப்பு), என்.சி.பி. (க்ளெய்ம், அதாவது இழப்பீடு, கேட்காத ஆண்டுகளுக்கான தள்ளுபடி) சதவீதம்.

படி 2: பேரம் பேச முடியாததை ஒதுக்குங்கள்

பிரீமியத்தில் ஒரு பகுதி தேர்ட் பார்ட்டி. நம் கார் மோதி அடுத்தவருக்கு ஏற்படும் இழப்புக்கானது, சட்டப்படி கட்டாயம். இதன் விலையை மத்திய அரசு நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்த கட்டணத்தில் 1000 சி.சி. வரை 2,094 ரூபாய், 1500 சி.சி. வரை 3,416, அதற்கு மேல் 7,897. அரசு இதை மாற்றினாலும் எல்லாக் கம்பெனிக்கும் ஒன்றாகவே மாறும். ஆகவே இங்கே தள்ளுபடி தேடி அலைய வேண்டாம்.

வண்டி உரிமையாளருக்கான 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பையும் பாருங்கள். உங்களிடம் ஏற்கெனவே அதே அளவு விபத்துக் காப்பு இருந்தால், அதைத் தெரிவித்து இந்தக் காப்பை நீக்கச் சொல்லலாம். இரண்டு வண்டி வைத்திருப்பவர்கள் இரண்டிலும் இதைக் கட்டிக்கொண்டிருப்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

மிச்சமிருப்பது ஓ.டி., அதாவது நம் காருக்கு ஏற்படும் சேதத்துக்கான பகுதி. கம்பெனிக்குக் கம்பெனி விலை மாறுவது இங்கேதான்.

படி 3: ஐ.டி.வி.யைச் சமமாக்குங்கள்

கார் திருடுபோனாலோ, பழுதுச் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினாலோ, கம்பெனி கணக்கில் எடுத்துக்கொள்ளும் உச்சத் தொகை இது. அந்த மாடலின் விலைப்பட்டியல் விலையிலிருந்து தேய்மானத்தைக் கழித்துப் போடுகிறார்கள்: ஆறு மாதம் வரை 5%, ஓராண்டு வரை 15%, இரண்டு ஆண்டு வரை 20%, மூன்று வரை 30%, நான்கு வரை 40%, ஐந்து வரை 50%. அதற்கு மேல் வயதான வண்டிக்கு நீங்களும் கம்பெனியும் பேசி முடிவு செய்வது.

மூன்றரை வயதான காரின் விலை 8 லட்சம் என்று வையுங்கள். 40% போக ஐ.டி.வி. 4,80,000. மிக மலிவாக வந்த விலையைத் திறந்து பார்த்தால், அதில் 4,10,000 என்று போட்டிருக்கக் கூடும். பிரீமியத்தில் மிச்சமாவது சிறு தொகை. கார் போனால் இழப்பது 70,000. எல்லாரிடமும் “4,80,000 ஐ.டி.வி.க்கு எவ்வளவு?” என்று கேளுங்கள். விலைகளின் வரிசையே மாறிவிடும்.

கூடவே ‘வாலன்டரி டிடக்டிபிள்’ என்று போட்டிருக்கும் இடத்தையும் பாருங்கள். ஒவ்வொரு க்ளெய்மிலும் நீங்களே ஏற்றுக்கொள்வதாக ஒப்புக்கொள்ளும் தொகை அது. கேட்காமலே 5,000 என்று சேர்த்திருந்தால் நீக்கச் சொல்லுங்கள். கட்டாயமாகப் பிடிக்கும் 1,000 ரூபாய் (1500 சி.சி.க்கு மேல் 2,000) மட்டும் எல்லாருக்கும் பொது.

படி 4: சென்னைப் பதிவா, வெளியூர்ப் பதிவா?

கட்டணப் பட்டியலில் சென்னை ‘ஏ’ மண்டலம். கோவை, மதுரை, திருச்சி உட்பட மற்ற ஊர்கள் ‘பி’ மண்டலம். வண்டி எந்த ஆர்.டி.ஓ.வில் பதிவானது என்பதே கணக்கு. பழைய பட்டியல் விகிதத்தில் 1000 முதல் 1500 சி.சி. வரையிலான, ஐந்து வயதுக்கு உட்பட்ட காருக்கு ஓ.டி. பிரீமியம் ஐ.டி.வி.யில் ஏ 3.283%, பி 3.191%. 4,80,000 ஐ.டி.வி.க்கு வித்தியாசம் 440 ரூபாய் அளவுதான். இன்று ஓ.டி. விலையைக் கம்பெனிகளே போடுகின்றன என்றாலும், இதற்காக ரொம்ப யோசிக்க வேண்டியதில்லை.

படி 5: கூடுதல் காப்புகள்

நம் ஊருக்கு மிக முக்கியமானது இன்ஜின் காப்பு. வெள்ளச் சேதம் சாதாரண முழுக் காப்பு பாலிசியிலேயே அடங்கும். ஆனால் நீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து, நீர் இன்ஜினுக்குள் போய்ப் பழுதானால், அது பின்விளைவு என்று சொல்லிப் பணம் தர மறுப்பார்கள். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையின் தாழ்வான பகுதிகளில் கார்கள் மூழ்கின. சென்னைக்காரர்களுக்குத்தான் இது என்றும் நினைக்காதீர்கள். அதே 2023 டிசம்பரில் தூத்துக்குடியும் திருநெல்வேலியும் வெள்ளத்தில் தத்தளித்தன. தரைத்தளத்தில் வண்டி நிறுத்துகிறவர் இதை விடவே கூடாது என்பது என் கருத்து. காப்பு இருந்தாலும் நீரில் நின்ற வண்டியின் சாவியைத் திருப்ப வேண்டாம். போட்டோ எடுத்துக் கம்பெனிக்குச் சொல்லி, இழுத்துப் போகச் சொல்லுங்கள்.

அடுத்து ஜீரோ டெப், பேச்சு வழக்கில் பம்பர் டு பம்பர்: மாற்றும் பாகங்களின் விலையில் தேய்மானம் கழிக்காமல் தரும் காப்பு. இது இல்லாவிட்டால் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களின் விலையில் பாதி உங்கள் தலையில். 12,000 ரூபாய் பம்பருக்கு 6,000 நீங்கள் தர வேண்டும். ஆண்டுக்கு எத்தனை க்ளெய்முக்குச் செல்லும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சாவிக் காப்பு, டயர் காப்பு எல்லாம் அவரவர் விருப்பம்.

படி 6: என்.சி.பி.யைச் சரியாகச் சொல்லுங்கள்

க்ளெய்ம் எடுக்காத ஆண்டுகளுக்கு ஓ.டி.யில் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று தள்ளுபடி ஏறும். இது காருக்கு உரியதல்ல, உங்களுக்கு உரியது. வண்டியை விற்றாலும் சான்று வாங்கிப் புது வண்டிக்கு மாற்றலாம். க்ளெய்ம் எடுத்ததை மறைத்து இதைப் பெற்றால் பின்னால் பணம் கிடைப்பதே சிக்கலாகும். பாலிசி முடிந்து 90 நாள் தாண்டினால் சேர்த்த தள்ளுபடி முழுவதும் போய்விடும்.

படி 7: எழுதி ஒப்பிடுங்கள்

ஒரு தாளில் கம்பெனிக்கு ஒரு வரி: ஐ.டி.வி., கூடுதல் காப்புகள், டிடக்டிபிள், என்.சி.பி., 18% ஜி.எஸ்.டி. சேர்த்த மொத்தம். அந்த வரியின் கடைசியில், நீங்கள் வழக்கமாக வண்டி விடும் ஒர்க்‌ஷாப் அந்தக் கம்பெனியின் கேஷ்லெஸ் பட்டியலில் (கம்பெனியே பழுதுச் செலவை நேரடியாகக் கட்டும் இடங்களின் பட்டியல்) இருக்கிறதா என்று எழுதுங்கள். ஏஜென்டிடம் கேட்பதைவிட ஒர்க்‌ஷாப்புக்கே போன் செய்து கேட்பது நல்லது. சேதத்தை மதிப்பிட எந்தக் கம்பெனி சர்வேயர் சீக்கிரம் வருகிறார் என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும்.

பணம் கட்டியதும் வரும் பாலிசியில் இன்ஜின் எண், சேஸிஸ் எண், பெயர், என்.சி.பி. எல்லாவற்றையும் ஆர்.சி.யோடு, பழைய பாலிசியோடு ஒத்துப் பாருங்கள். அடுத்தவர் சொத்துச் சேதத்துக்கான வரம்பு 7,50,000 என்று இருக்க வேண்டும்; 6,000 என்று குறைத்திருந்தால் அன்றே திருத்தச் சொல்லுங்கள்.