விசாவுக்கு முன் பாஸ்போர்ட்டைப் பாருங்கள்

இணையவழி வேலை பார்ப்பவர்களுக்கு ஜார்ஜியாதான் சொர்க்கம், ஓராண்டுக்கு விசாவே வேண்டாம் என்பார்கள். உண்மைதான், ஆனால் அந்தச் சலுகைப் பட்டியலில் இந்திய பாஸ்போர்ட் இல்லை. நமக்குத் தோதானது தாய்லாந்தின் டிடிவி (டெஸ்டினேஷன் தாய்லாந்து விசா), இணையவழி வேலை பார்ப்பவர்களும் நீண்ட நாள் தங்குவதற்கான விசா. 2024 ஜூலையில் அறிமுகமானது. 5 ஆண்டு செல்லும், ஒவ்வொரு முறை நுழையும்போதும் 180 நாள் தங்கலாம். வங்கியில் 5 லட்சம் பாட் (தாய்லாந்து நாணயம்) இருப்பு காட்ட வேண்டும், கையைக் கடிக்கும் இடம் அதுதான். விண்ணப்பத்தைத் தாய்லாந்துக்கு வெளியே இருக்கும்போதே போட்டுவிடுங்கள். அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம் என்ற நினைப்பு வேண்டாம். இன்னொன்று, பலர் கவனிக்காதது: ஒரே காலண்டர் ஆண்டில் 180 நாளை எட்டினால் வரிக் கணக்கில் நீங்கள் உள்ளூர்வாசி. அங்கே கொண்டுவரும் வெளிநாட்டு வருமானத்துக்கும் வரி கேட்கலாம். டிக்கெட் போடும்போதே ஜனவரியிலிருந்து நாட்களை எண்ணிக்கொள்ளுங்கள்.