காய்ச்சல் 39 டிகிரியா, 102 டிகிரியா?

ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியராக வேலை பார்த்தவள் நான். ஒரே அறைக்குள் எங்களுக்கு இரண்டு கணக்கு. தடுப்பூசி வைக்கும் குளிர்பெட்டியில் 2-லிருந்து 8-க்குள் இருக்கிறதா என்று காலையும் மாலையும் செல்சியஸில் குறிப்போம். குழந்தையின் காய்ச்சலை மட்டும் 101, 102 என்று ஃபாரன்ஹீட்டில் எழுதுவோம்.

ஒருநாள் விடிந்ததும் ஒரு பாட்டி, பேரனைத் தோளில் சாய்த்தபடி வந்தார். "தெர்மாமீட்டர் கெட்டுப்போய்விட்டது சிஸ்டர். உடம்பு கொதிக்கிறது, இது 39.5 என்கிறது."

கெடவில்லை; செல்சியஸில் காட்டியிருக்கிறது. அதனால் எண்ணைப் பார்க்கும் முன் பக்கத்தில் நிற்கும் எழுத்தைப் பாருங்கள். சி என்றால் செல்சியஸ், எஃப் என்றால் ஃபாரன்ஹீட்.

செல்சியஸை மாற்ற மனக்கணக்கு போதும். இரட்டிப்பாக்கி, அதில் பத்தில் ஒரு பங்கைக் கழித்து, 32-ஐக் கூட்டுங்கள். 39.5-க்கு இரட்டிப்பு 79. அதில் 7.9 போனால் 71.1. 32 சேர்த்தால் 103.1. பாட்டி தொட்டுப் பார்த்துச் சொன்னது சரிதான்.

தண்ணீர் உறைவது செல்சியஸில் 0, ஃபாரன்ஹீட்டில் 32. கொதிப்பது 100, 212. அதே இடைவெளியை ஒன்று 100 படிகளாகவும் மற்றது 180 படிகளாகவும் பிரிக்கிறது. ஆகவே ஒரு செல்சியஸ் படிக்கு 1.8 ஃபாரன்ஹீட் படி. 32 என்பது தொடங்கும் இடத்தில் உள்ள வித்தியாசம் மட்டுமே.

இதை மறந்துதான் பலர் தடுமாறுகிறார்கள். மருந்து கொடுத்தபின் 39.5 என்பது 38.5 ஆனால், "ஒரு டிகிரிதானே குறைந்தது" என்று தாய்மார்கள் கலங்குவார்கள். ஃபாரன்ஹீட்டில் அது 103.1-லிருந்து 101.3, 1.8 இறங்கியிருக்கிறது. ஏறிய அளவையோ இறங்கிய அளவையோ மாற்றும்போது 1.8-ஆல் பெருக்குங்கள், 32-ஐத் தொடவே கூடாது.

திருப்பி மாற்ற, 32-ஐக் கழித்து, பாதியாக்கி, அந்தப் பாதியில் பத்தில் ஒன்றைக் கூட்டுங்கள். வேலூரில் 105 டிகிரி வெயில் என்று செய்தி வந்தால்: 73, பாதி 36.5, அதோடு 3.65, ஆக 40.15. உண்மையான விடை ஏறக்குறைய 40.6. வெயிலுக்கு இந்தப் பிசகு பரவாயில்லை, காய்ச்சலுக்கு ஆகாது. அங்கே 32-ஐக் கழித்ததும் நேராக 1.8-ஆல் வகுத்துவிடுங்கள்.

பாட்டிக்கு இந்தக் கணக்கெல்லாம் சொல்லவில்லை. மாத்திரைக் கவரின் பின்பக்கம் பெரிய எண்களில் எழுதிக் கொடுத்தேன்: 37-க்கு 98.6, 38-க்கு 100.4, 39-க்கு 102.2, 40-க்கு 104.