பிரிவுப் பேச்சு வந்ததுமே வில்லங்கம் பாருங்கள்

விவாகரத்து என்ற பேச்சு எழுந்ததும் மேலூர்ப் பக்கம் கணவர் வாங்கிப்போட்ட மனை சத்தமில்லாமல் கொழுந்தனார் பெயருக்குப் போய்விடலாம். சர்வே எண்ணைக் குறித்துக்கொண்டு, பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்கம், அதாவது அந்த மனைமேல் பதிவான பத்திரங்களின் விவரம், பாருங்கள். பார்க்கக் காசு வேண்டாம். புதிதாகத் தானப் பத்திரம் பதிவாகியிருந்தால் தேதி, ஆவண எண்ணோடு தெரியும்.

அப்புறம், வீட்டில் இருக்கும் பாஸ்புக், நகை அடகு ரசீது, வரிக் கணக்கு எல்லாவற்றையும் போட்டோ எடுத்து அம்மாவுக்கோ அக்காவுக்கோ அனுப்பி வையுங்கள். கணவர் போனை மட்டும் திறந்து நோண்ட வேண்டாம், அது உங்களுக்கே வினையாகிவிடும். ஜீவனாம்ச வழக்கில் இரு தரப்பும் வருமானம், சொத்து, கடனைப் பிரமாணப் பத்திரத்தில் காட்ட வேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதில் அவர் மறைத்ததை எடுத்துக்காட்ட இந்தப் படங்கள் கைகொடுக்கும்.

வக்கீல் வைக்கப் பணமில்லையா? மதுரை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாகவே வக்கீல் தருவார்கள்.