முதல் மரதனும் ஒரு பற்றுச்சீட்டுப் புத்தகமும்

காசைப் பற்றி முதலில் எழுதுகிறேன், ஓட்டம் பிறகு. வன்னியில் இருந்துகொண்டு ஒரு நல்ல காரியத்துக்காக முதல் மரதன் ஓடப் போகிறவருக்குக் கால்வலியைவிடப் பெரிய தலையிடி காசில்தான் வரும். 2009க்குப் பிறகு எங்கள் பெயரைச் சொல்லிச் சேர்த்த காசு எவ்வளவு, அதில் எங்கள் படலை வரை வந்தது எவ்வளவு என்று இங்கே எல்லாரும் மனதுக்குள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். நீங்கள் என்னதான் நல்ல மனதோடு கேட்டாலும் அந்தக் கணக்குக்குக் கீழேதான் உங்களையும் எழுதுவார்கள். நான் பகலில் கிளிநொச்சியில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறவள், விடியற்புறத்தில் ஓடுகிறவள். ஆகவே இரண்டைப் பற்றியும் கொஞ்சம் கண்டிப்பாகத்தான் கதைப்பேன்.

யாருக்கு, என்னத்துக்கு

"இயலாதவர்களுக்காக ஓடுகிறேன்" என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் ஒருவரும் மடியை அவிழ்க்க மாட்டார்கள். நான் ஓடியது முள்ளந்தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களுக்காக. ஷெல் துண்டு பட்டு இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் போனவர்கள் எங்கள் பக்கத்தில் நிறையப் பேர். மரத்தால் விழுந்தும் மோட்டார் சைக்கிளால் விழுந்தும் இன்றைக்கும் புதிதாகச் சேருகிறார்கள். அவர்களைத் தின்பது படுக்கைப்புண். உணர்வு இல்லாதபடியால் ஒரே பக்கம் அழுத்திக்கொண்டிருப்பது தெரியாது. தெரிய வரும்போது புண் எலும்பு வரை போயிருக்கும்.

காற்று மெத்தை வாங்கிக் கொடுக்கலாம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். போய்க் கேட்டால் வேறு கதை வரும். அந்த மெத்தைக்கு மின்சாரம் வேண்டும், கரண்ட் போனால் காற்றிறங்கிவிடும். பகல் முழுக்கச் சக்கர நாற்காலியில் இருக்கிற ஒருவருக்கு மெத்தையைவிட நாற்காலிக்குப் போடும் நல்ல குஷன் அவசரம். இன்னொருவருக்கு மாதாமாதம் கதீற்றரும் (சிறுநீர் எடுக்கும் குழாய்) யூரின் பாக்கும் வாங்குவதுதான் பாரம். அதனால் கேட்ட பிறகு பட்டியல் போடுங்கள். இரண்டு பாமசிகளில் விலையை எழுத்தில் வாங்குங்கள். "இத்தனை இலட்சம் சேர்க்கிறோம்" என்று அறிவிக்காமல் "இத்தனை குஷன், இத்தனை பேருக்கு ஆறு மாதக் கதீற்றர்" என்று அறிவியுங்கள். விலை ஏறினாலும் இறங்கினாலும் சொன்ன சொல் மாறாது.

வங்கிக் கணக்கு உங்கள் சொந்தப் பெயரில் இருக்கக் கூடாது. அந்த மக்களுக்கென்று பதிவு செய்த சங்கம் இருந்தால் அதன் கணக்குக்கே நேராகப் போகட்டும். இல்லாவிட்டால் இரண்டு பேர் கையெழுத்து வைத்தால்தான் காசு எடுக்கலாம் என்ற கணக்கொன்று திறவுங்கள். இரண்டாவது ஆள் உங்கள் சொந்தக்காரராக இருக்க வேண்டாம். கனடாவில் இருந்து சித்தப்பா "உண்டியலில் அனுப்பிவிடுகிறேன், கெதியாக வரும்" என்பார். உண்டியல் என்றால் வங்கிக்கு வெளியே ஆள்மாறி வருகிற காசு. நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். வங்கியால் வராத காசுக்கு நீங்கள் எந்தக் கணக்கைக் காட்டுவீர்கள்? கையில் வாங்குகிற ஐந்நூறு ரூபாய்க்கும் பற்றுச்சீட்டு எழுத வேண்டும். போட்டிக்குப் பதிவுக் காசு, கொழும்புக்குப் போய்வரும் செலவு, தங்கும் அறை, சப்பாத்து எல்லாம் உங்கள் சொந்தக் காசு. அதற்கு வசதி இல்லையென்றால் கிட்டவுள்ள ஊர் ஓட்டம் ஒன்றைப் பாருங்கள். சேர்த்த காசில் இருந்து ஒரு சோடாகூடக் குடிக்க வேண்டாம்.

இனி எப்படிக் கேட்பது. மரதன் 42 கிலோமீற்றரும் 195 மீற்றரும். 1908இல் லண்டன் ஒலிம்பிக்கில் ஓடிய தூரம், 1921இல் அதையே நிரந்தரமாக்கினார்கள். அந்த 42 கிலோமீற்றரையும் ஒவ்வொன்றாகப் பிரித்து 42 பேரிடம் கேளுங்கள். எங்கள் ஆட்களுக்கு இது புது வழக்கமில்லை. திவசத்துக்கும் பிறந்தநாளுக்கும் வெளிநாட்டில் இருந்து காசு அனுப்பி, இங்கே ஒரு இல்லத்துப் பிள்ளைகளுக்கு ஒருநேரச் சாப்பாடு கொடுப்பிக்கிறவர்கள்தானே. சாப்பாட்டுக்குப் பதிலாக ஒரு கிலோமீற்றர். சிலர் தங்கள் பெயர் வேண்டாம், இல்லாமல் போன ஒருவரின் பெயரை எழுதச் சொல்வார்கள். எழுதுங்கள். யார், எந்த வருடம், எந்த இடத்தில் என்று கேட்க வேண்டாம். மிச்சம் 195 மீற்றரை ஊர்ச் சின்னப்பிள்ளைகளுக்கு விட்டுவிடுங்கள். பத்து ரூபாய், இருபது ரூபாய் என்று அவர்கள் கொண்டுவருகிறதைப் பார்த்துப் பெரிய ஆட்களுக்கு ரோசம் வரும்.

காசை ஓட்டத்துக்கு முன்பே வாங்கிவிடுங்கள். "முடித்தால் தருகிறேன்" என்பவரிடம், நான் 30ஆவது கிலோமீற்றரில் விழுந்தாலும் குஷன் தேவைதான் அண்ணை என்று சொல்லுங்கள். நம்பிக்கை இல்லாதவர்களுக்கு 2011ஐ நினைவுபடுத்தலாம். அந்த வருடம் தெற்கே தெய்வேந்திரமுனையில் இருந்து பருத்தித்துறை வரை நடந்து, தெல்லிப்பளைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு நிதி திரட்டினார்கள். அந்தக் கட்டடம் இன்று கண்முன்னே நிற்கிறது.

படம் எடுப்பது பற்றி ஒரு வார்த்தை. படுக்கையில் கிடக்கிறவரின் பக்கத்தில் நின்று பெட்டியைக் கொடுத்துக்கொண்டு கமராவைப் பார்க்கிற படம் வேண்டவே வேண்டாம். பற்றுச்சீட்டைப் படமெடுத்துப் போடுங்கள், போதும்.

எப்போது தொடங்குவது

கொழும்பு மரதன் வழக்கமாக ஒக்ரோபர் அளவில் வரும். திகதியை அந்தந்த வருடம் பார்த்து உறுதிசெய்யுங்கள். ஒக்ரோபருக்கு ஓடுவதென்றால் ஜூனில் பயிற்சி தொடங்க வேண்டும், அதற்கு முன்பே நிற்காமல் அரை மணித்தியாலம் ஓடக்கூடிய உடம்பு இருக்க வேண்டும். அது இல்லாதவர்கள் மாசி, பங்குனியிலேயே மூன்று நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று தொடங்குங்கள். நாற்பது தாண்டியவர்களும், பிறசர், சீனி வருத்தம் உள்ளவர்களும் டொக்டரிடம் காட்டி ஒரு ஈசிஜி எடுத்த பிறகுதான். வயது போய்விட்டது என்று சாட்டுச் சொல்கிறவர்களுக்கு நான் முள்ளியவளை அகிலத்திருநாயகி அம்மாவைக் காட்டுவேன். 2023இல் பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் போட்டியில் தங்கம் எடுத்தபோது அவருக்கு 72 வயது.

கிழமையில் நான்கு நாள் போதும். செவ்வாய், வியாழன், சனி சின்ன ஓட்டம், ஐந்தில் இருந்து பத்துக் கிலோமீற்றருக்குள். ஞாயிறு நீள ஓட்டம். முதல் ஞாயிறு 10, பிறகு 12, 14. நான்காம் கிழமை திரும்பவும் 10க்கு இறங்குங்கள். பிறகு 16, 18, 20, அடுத்து ஓர் இறக்கம். இப்படி மூன்று ஏற்றம், ஓர் இறக்கம் என்று போய் 30க்கும் 32க்கும் இடையில் நிறுத்த வேண்டும். பயிற்சியில் 42 ஓடிப் பார்க்கத் தேவையில்லை. அந்த மிக நீளமான ஓட்டம் போட்டிக்கு மூன்று கிழமை முன்னால் முடிந்துவிட வேண்டும், அதற்குப் பிறகு தூரம் குறைந்துகொண்டே வரும். அந்த மூன்று கிழமையில் கால் துடிக்கும், இன்னும் கொஞ்சம் ஓடுவமே என்று மனம் சொல்லும். பேசாமல் இருங்கள்.

வேகம் எவ்வளவு என்று எல்லாரும் கேட்கிறார்கள். பக்கத்தில் வருகிறவரோடு முழு வசனம் கதைக்க முடிகிற வேகம். மூச்சு வாங்கி வார்த்தை உடைந்தால் அது கூடின வேகம். முதல் மரதனுக்கு இதைவிட வேறு கணக்கு வேண்டாம்.

சப்பாத்து: ஓடுவதற்கென்று செய்ததாக இருக்க வேண்டும், பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரலளவு இடம் இருக்க வேண்டும், போட்டிக்குப் புதிது போடக் கூடாது. பின்னேரத்தில் போய் வாங்குங்கள், அப்போதுதான் கால் வீங்கியிருக்கும். பெண்கள் சப்பாத்துக்கு முன்னால் நல்லதொரு ஸ்போர்ட்ஸ் பிராவுக்குக் காசு ஒதுக்க வேண்டும்.

எங்கே ஓடுவது

ஏ9 வீதியில் கிலோமீற்றர்க் கற்கள் இருக்கின்றன, போன் இல்லாமலே தூரம் தெரியும். ஆனால் விடிய நான்கு மணிக்கு அந்த வீதி மணல் டிப்பர்களின் வீதி. வாகனம் எதிரே வருகிற பக்கத்தில், அதாவது வலது கரையில் ஓடுங்கள், தலையில் லைற், உடம்பில் மினுங்கும் மேலங்கி. அறுவடைக் காலத்தில் வீதிக்கரையில் நெல் காயப்போட்டிருப்பார்கள். அதை மிதிக்காமல் விலகப்போய் நடு றோட்டுக்கு வந்துவிட வேண்டாம்.

எனக்குப் பிடித்தது இரணைமடுப் பக்கம். குளக்கட்டிலும் வாய்க்கால் ஓரக் கிரவல் பாதைகளிலும் வாகனம் குறைவு, தார் றோட்டைவிட முழங்காலுக்கும் சுகம். நீள ஓட்டத்துக்கு முறிகண்டி. கிளிநொச்சியில் இருந்து ஓடிப்போய்ப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் திரும்பலாம். ஒருவழி ஓட்டம் என்பதால் பாதியில் திரும்பிவிடலாம் என்ற எண்ணமும் வராது.

மாங்குளம், ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் இருப்பவர்கள் வெளிச்சம் வரும்வரை காட்டோர வீதியில் இறங்க வேண்டாம். யானையோடு போட்டி வைக்க முடியாது. முகமாலைப் பக்கமும் பழைய முன்னரங்குகள் இருந்த வேறு இடங்களிலும், மிதிவெடி இருக்கிறதென்று எச்சரிக்கிற மண்டையோட்டுப் பலகையைக் கண்டால் மட்டுமல்ல, காணாவிட்டாலும், ஆட்கள் நடந்து பழகாத ஒற்றையடிப் பாதைகளில் குறுக்கால் போகாதீர்கள். ஓட்டத்தின் நடுவே ஒதுங்குவதற்குப் பற்றைக்குள் இறங்குகிறவர்களுக்கும் இதையேதான் சொல்கிறேன்.

நாய்க்கு நின்றுவிடுவதுதான் மருந்து. ஓடினால் துரத்தும். நின்று, குனிந்து கல் எடுப்பதுபோலச் செய்யுங்கள். கடித்தால் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரி. மனிதர்கள் விடயத்தில், பெண் ஓடினால் முதல் மாதம் ஊர் கதைக்கும். "ஏன் பிள்ளை ஓடுறாய், பஸ்ஸை விட்டிட்டியோ?" என்று ஓர் ஆச்சி தினமும் கேட்டா. காசு சேர்ப்பது தெரிந்தபிறகு படலைக்குள் தண்ணிச் செம்போடு நிற்கத் தொடங்கினா. ஆரம்பத்தில் தம்பியோ தோழியோ சைக்கிளில் பின்னால் வருவது நல்லது. தண்ணீர்ப் போத்தலையும் அவர்களே சுமப்பார்கள்.

வெயிலும் தண்ணியும்

ஜூன் முதல் செப்ரெம்பர் வரை சோளகம் அடிக்கிற காலம். காற்று வேர்வையைத் தெரியாமலே காயவைத்துவிடும், சட்டையில் வெள்ளை உப்புப் படிவதைப் பார்த்துத்தான் எவ்வளவு போனதென்று விளங்கும். நீள ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் நிறை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர் நீர் போயிருக்கிறது. நிறை கூடியிருந்தால் அளவுக்கு மிஞ்சிக் குடித்திருக்கிறீர்கள், அதுவும் ஆபத்து. வெறும் தண்ணியை வயிறு முட்டக் குடித்தால் இரத்தத்தில் உப்புக் குறைந்து தலை சுற்றும், வாந்தி வரும், மயக்கம்கூட வரலாம். தாகத்துக்குக் குடியுங்கள், நீள ஓட்டத்தில் ஜீவனி போன்ற உப்புக் கரைசலைப் பாக்கெட்டில் சொன்ன அளவுத் தண்ணீரில் கரைத்து இடையிடையே சேருங்கள்.

ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் போகிற ஓட்டத்தில் வயிற்றுக்குள் ஏதும் போக வேண்டும், மணிக்கு 30 தொடக்கம் 60 கிராம் மாச்சத்து. விலை கூடிய ஜெல் பாக்கெட்டுகள் கொழும்பில் கிடைக்கும். நான் பனங்கட்டியைச் சின்னத் துண்டுகளாக உடைத்துப் பொலித்தீனில் சுற்றிக்கொண்டு போகிறேன், கூடவே ஒரு கதலி வாழைப்பழம். எது உங்களுக்குச் சரிவருகிறதோ அதை ஞாயிறு ஓட்டங்களிலேயே பழக்குங்கள். முதல்நாள் இரவு புட்டும் பருப்பும், உறைப்பைக் குறைத்து. தொடை உரசுகிற இடத்துக்கு வசலீன்.

வலிக்குளிசை போட்டுக்கொண்டு ஓடாதீர்கள். இபுபுறூபன், டைக்ளோபினாக் போன்றவை நீர் குறைந்த உடம்பில் சிறுநீரகத்தைத் தாக்கும். வவுனியாப் பக்கத்துக் கிராமங்களில் சிறுநீரக வருத்தம் என்ன செய்ததென்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரே இடத்தில் விரலால் அமத்தினால் குத்துகிற எலும்பு வலி, நடையை மாற்றுகிற வலி என்றால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு டொக்டரிடம் போங்கள்.

அந்த நாள்

முதல் பத்துக் கிலோமீற்றரில் எல்லாரும் உங்களை முந்துவார்கள். விடுங்கள், அரைவாசிப் பேரை 35இல் காண்பீர்கள். 30க்குப் பிறகு உடம்பில் சேர்த்துவைத்த சர்க்கரை தீர்ந்துகொண்டு வரும், காலுக்குள் ஈயம் ஊற்றினது போலிருக்கும். நான்கு நிமிடம் ஓடி ஒரு நிமிடம் நடவுங்கள், நடப்பது தோல்வியில்லை. 42 பெயர்களையும் ஒரு மட்டையில் எழுதி, மழைக்கும் வேர்வைக்கும் பொலித்தீன் போட்டுக் கையில் கட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கல்லிலும் ஒரு பெயர். நெஞ்சுவலி, குளிர்நடுக்கம், திசை தடுமாற்றம் வந்தால் அந்த இடத்திலேயே முதலுதவிக்காரரிடம் நிற்க வேண்டும். பெயர்களின் காசு முன்பே வந்துவிட்டது, அதனால் ஒருவருக்கும் கடன் இல்லை.

முடித்த பிறகு உடனே இருக்காமல் பத்து நிமிடம் நடவுங்கள். இரண்டு மூன்று நாளைக்குப் படி இறங்குவது கரைச்சல். ஒரு கிழமை ஓட்டமே வேண்டாம்.

அந்தக் கிழமையில் கணக்கை முடியுங்கள். வரவு, வாங்கிய பொருள், கடைச் சிட்டை இலக்கம், யார் யாருக்குப் போனது என்பதற்குச் சங்கத்தின் கையெழுத்து, மிச்சம். மிச்சம் நூறு ரூபாயென்றாலும் எழுதி, அது எங்கே போகிறதென்பதையும் எழுதுங்கள். ஒரு பிரதி வாசிகசாலைப் பலகையில், ஒன்று காசு தந்தவர்களின் வட்ஸ்அப் குழுவில். சின்னப்பிள்ளைகளின் 195 மீற்றருக்குத் தனி வரி. அந்தத் தாள் பலகையில் ஏறும்வரை அடுத்த ஓட்டத்துக்கென்று ஒருவரிடமும் காசு கேட்டுப் போகாதீர்கள்.