சுண்ணாம்பு நீரைக் கொண்டு கரைதிறன் பெருக்கத்தைக் கண்டறிதல்

கால்சியம் ஹைட்ராக்சைடை நீரிலிட்டுக் குலுக்கினால் சிறிதளவே கரைகிறது. எஞ்சியது அடியில் தங்கிவிடுகிறது. திண்மத்திலிருந்து அயனிகள் பிரிந்து கரைசலுக்குள் செல்லும் வேகமும், அவை திரும்பத் திண்மத்தின் மேல் படியும் வேகமும் சமமாகும்போது கரைசல் தெவிட்டிவிடுகிறது. அந்நிலையில் கால்சியம் அயனிச் செறிவை ஹைட்ராக்சைடு அயனிச் செறிவின் வர்க்கத்தால் பெருக்கக் கிடைப்பதே கரைதிறன் பெருக்கம். பள்ளி ஆய்வகத்தில் உள்ள பொருள்களே இதை அளக்கப் போதும்.

காய்ச்சி வடித்த நீரைச் சில நிமிடங்கள் கொதிக்கவைத்து, மூடி ஆறவிட வேண்டும். கரைந்துள்ள கார்பன் டைஆக்சைடை வெளியேற்றவே இந்த முன்னேற்பாடு. அந்த நீரில் 250 மி.லி. எடுத்து, அதில் ஏறத்தாழ 1 கிராம் கால்சியம் ஹைட்ராக்சைடை இட்டு, புட்டியை இறுக மூடி நன்றாகக் குலுக்கி, ஓர் இரவு வைத்திருக்க வேண்டும். எடை துல்லியமாக இருக்கத் தேவையில்லை. அடியில் திண்மம் மிஞ்சியிருந்தால் போதும். மிஞ்சியது எவ்வளவு என்பதால் தெவிட்டிய கரைசலின் செறிவு மாறாது. மறுநாள் முதலில் கரைசலின் வெப்பநிலையைக் குறித்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் பெரும்பாலான உப்புகளைப் போலன்றி இச்சேர்மத்தின் கரைதிறன் வெப்பநிலை உயர உயரக் குறைகிறது.

அடுத்து வருவது வடிகட்டல். பிழைகள் பெரும்பாலும் இங்கேதான் நுழைகின்றன. வடிதாள், புனல், குடுவை மூன்றும் உலர்ந்திருக்க வேண்டும். ஈரமிருந்தால் கரைசல் நீர்த்துவிடும். வடிகட்டிய பிறகு ஈடுசெய்யத் திண்மம் இல்லாததால், காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடு கால்சியம் கார்பனேட்டை வீழ்படிவாக்கும் அளவுக்கு ஹைட்ராக்சைடு குறைந்துகொண்டே போகும். ஆகவே வடிநீரை, அதாவது சுண்ணாம்பு நீரை, மூடிவைத்து, தாமதமின்றித் தரம் பார்க்க (அமிலத்தைக் கொண்டு அதன் செறிவை அளக்க) வேண்டும்.

பிப்பெட்டை அதே கரைசலால் அலசி, ரப்பர் குமிழைக் கொண்டு 25 மி.லி. சுண்ணாம்பு நீரைக் கூம்புக் குடுவையில் எடுத்து, இரண்டு துளி பினாப்தலீன் நிறங்காட்டி சேர்த்து, பியூரெட்டிலிருந்து 0.05 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை இளஞ்சிவப்பு நிறம் மறையும்வரை விட வேண்டும். ஒத்த அளவீடுகள் கிடைக்கும்வரை இதைத் திரும்பச் செய்ய வேண்டும்.

அமிலம் 21.0 மி.லி. செலவானது என்று கொள்வோம். அப்போது ஹைட்ராக்சைடு செறிவு 21.0 × 0.05 ÷ 25 = 0.042 மோலார். ஒரு கால்சியம் அயனிக்கு இரண்டு ஹைட்ராக்சைடு அயனிகள் என்பதால் கால்சியம் செறிவு அதில் பாதி, அதாவது 0.021 மோலார். பெருக்கினால் 0.021 × (0.042)² = 3.7 × 10⁻⁵ கிடைக்கிறது. கால்சியம் செறிவைப் பாதியாக்க மறப்பதும், வர்க்கம் எடுக்காமல் விடுவதும் மாணவர்களிடம் அடிக்கடி காணப்படும் பிழைகள்.

கரைதிறன் பெருக்க அட்டவணையைப் புரட்டினால் 25 °செ. வெப்பநிலைக்கு ஏறத்தாழ 5 × 10⁻⁶ என்றிருக்கும். ஏழு மடங்கு வேறுபாட்டைக் கண்டு அளவீட்டைத் திருத்தி எழுதும் வழக்கம் தவறானது. இந்த வேறுபாட்டுக்குக் கைப்பிழை காரணமன்று. இவ்வளவு செறிவுள்ள கரைசலில் எதிரெதிர் மின்சுமைகள் ஒன்றையொன்று ஈர்ப்பதால், அயனிகளின் பயனுறு செறிவு அளந்த செறிவைவிடக் குறைவாகவே இருக்கும். கால்சியத்தில் ஒரு பங்கு ஒரு ஹைட்ராக்சைடுடன் இணைந்து ஒற்றை நேர்மின்சுமை கொண்ட அயனியாகவும் இருக்கிறது. அமிலம் சேர்க்கும்போது அந்த ஹைட்ராக்சைடும் வினைபுரிந்து கணக்கில் சேர்ந்துவிடுகிறது. அட்டவணை மதிப்போ இவ்விரண்டையும் கழித்துப் பெறப்பட்டது. சில்வர் குளோரைடு போன்று மிக அரிதாகக் கரையும் பொருள்களில் அயனிகள் மிகச் சிலவே என்பதால் இச்சிக்கல் பெரிதாக எழுவதில்லை.

நேரமிருந்தால், வெறும் நீருக்குப் பதிலாக 0.1 மோலார் கால்சியம் குளோரைடு கரைசலில் கால்சியம் ஹைட்ராக்சைடைத் தெவிட்டவைத்து முழுச் சோதனையையும் மீண்டும் செய்யலாம். முன்பே இருக்கும் கால்சியம் அயனி சமநிலையைத் திண்மத்தின் பக்கம் தள்ளுவதால் அமிலம் தெளிவாகக் குறைவாகச் செலவாகும். இங்கு கால்சியத்தின் மொத்தச் செறிவைக் கணக்கிட, ஹைட்ராக்சைடில் பாதியுடன் 0.1 ஐக் கூட்டிக்கொள்ள வேண்டும்.